பீரங்கியை எடுத்துக்கொண்டு டோலியை விட்டுவிடுகிறார்கள்

மேஜிக் லாந்தர் என்பது கண்ணாடித் தகட்டில் உள்ள படத்தை விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டும் பழைய கருவி. அதற்கான பழைய ஸ்லைடுகளைச் சேகரிப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. பெட்டியில் வரிசையாக வந்த ஒரு தொகுப்பைப் பிரித்து, எடுப்பான படங்களை மட்டும் விற்கலாமா, வாங்கலாமா? பூக்கள், மலைகள், பைபிள் கதைகள் என்றால் நான் இதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன். போர்ப் படங்கள் என்று வந்தால் என்னால் விட்டுக்கொடுக்க முடிவதில்லை. போர்த் தொகுப்பைப் பிரித்தால், அந்தப் போரில் யார் யார் இருந்தார்கள் என்ற கணக்கே மாறிவிடுகிறது. இதைப் பல பேரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒருமுறை எழுதிவிடுவது நல்லது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நான் வசிக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு வியாபாரியிடம் போயர் போர் ஸ்லைடுகள் சில கிடைத்தன. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்களோடு பிரிட்டிஷார் 1899 முதல் 1902 வரை நடத்திய போர் அது. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனித்தனி விலைச்சீட்டு ஒட்டியிருந்தார். குதிரைப்படைப் பாய்ச்சல் ஒன்று, தளபதிகள் இரண்டு பேர், கொலென்ஸோவில் பீரங்கிகளை மீட்கும் காட்சி, விக்டோரியா மகாராணி. எல்லாவற்றிலும் ஒரே அச்சு லேபிள், ஒரே கையெழுத்தில் எண்கள். ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமில்லை. மீதி எங்கே என்று கேட்டேன். முந்தைய வாரமே ஒரு பெண்மணி மொத்தமாக வாங்கிப் போய்விட்டாராம். பழைய ஸ்லைடுகளை ஈயக்கம்பியால் இணைத்து மேசை விளக்குகளுக்குக் கூண்டு செய்பவராம் அவர். "அவையெல்லாம் வெறும் கூடாரமும் வண்டியும்தான், பார்க்க ஒன்றுமில்லை" என்றார் வியாபாரி. பெட்டியோடு வந்த விளக்கவுரைப் புத்தகத்தை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். உறைபோட்ட ஸ்லைடுகளோடு அதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் கிடைத்திருக்காவிட்டால் எது போய்விட்டது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. பிரிபட்ட தொகுப்புகளில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான்.

கையில் எடுத்துப் பார்த்தால்

பிரிட்டிஷ் ஸ்லைடு என்பது மூன்றேகால் அங்குலச் சதுரம். அமெரிக்காவில் அகலத்தை நான்கு அங்குலமாக்கிக்கொண்டார்கள். இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்றின் உட்புறத்தில் படம். நடுவே வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டிய கறுப்புத் தாள். நான்கு ஓரத்தையும் சுற்றிப் பசைத்தாள் பட்டை. இந்தப் பட்டை காய்ந்து உரியும்போது பிரித்துத் துடைக்கலாம் என்று கை பரபரக்கும். செய்யவே கூடாது. உள்ளே இருப்பது ஜெலட்டின் படலம். ஈரத்துணி பட்டால் சாயத்தோடு சேர்ந்து வந்துவிடும். வெளிக்கண்ணாடியை மட்டும், அதுவும் உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும்.

முகப்பின் மேல்விளிம்பில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். விளக்கை இயக்குபவர் இருட்டில் வேலை செய்பவர். ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் படம் நேராக விழும். எந்தப் பக்கம் முகப்பு, எந்தப் பக்கம் தலை என்று அரைநொடியில் தெரிந்துகொள்ள அந்தப் பொட்டுகள். ஓரத்தில் ஒரு லேபிள்: தொகுப்பின் பெயர், படத்தின் பெயர், எண். இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். படம் பிறகுதான். 1900ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தேவாலயக் கூடத்திலோ பள்ளியிலோ ஒருவர் விளக்கவுரையைப் படிப்பார். ஒரு படம் முடிந்ததும் இயக்குபவருக்குக் குறிப்புக் காட்டுவார். அடுத்த எண் திரைக்கு வரும். இந்தத் தொகுப்புகளை வாடகைக்கும் அனுப்பினார்கள். ஆக, ஒரு ஸ்லைடு தனியாக நின்று பேசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் சேர்ந்துதான் அதற்குப் பொருள் தருகின்றன.

விலை எதற்கு, உண்மை எதில்

போயர் போர்த் தொகுப்புகளைக் கொஞ்ச காலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று புரியும். அதிக விலைக்குப் போகும் காட்சிகளில் பெரும்பாலானவை ஓவியங்கள். குதிரைகள் வாயில் நுரையோடு பாய்கின்றன, அதிகாரி வாளை ஓங்குகிறார், எதிரி பத்தடி தூரத்தில் நிற்கிறான். பத்திரிகைகளுக்கு வரைந்த படங்களைப் புகைப்படமாக்கி, கண்ணாடியில் ஏற்றி, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். புகைப்படம் எடுத்தவர்கள் களத்துக்குப் போகாமல் இல்லை. போனவர்களின் கேமராவில் சண்டை விழவில்லை. 1899இல் போயர்கள் கையில் இருந்தது தொலைதூரம் சுடும் மௌசர் துப்பாக்கி, புகையில்லாத வெடிமருந்து, பதுங்குகுழி. கொலென்ஸோவில் முன்னேறிப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கே தங்களைச் சுடுபவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. கேமரா வைத்திருந்தவர் என்ன செய்வார்? காலியான புல்வெளியைத்தான் எடுக்க முடியும். ஆகவே அவர் முகாமை எடுத்தார், மாட்டு வண்டிகளை எடுத்தார், இடிந்த பாலத்தை எடுத்தார், டூகேலா ஆற்றை எடுத்தார், ஸ்ட்ரெச்சர்களை எடுத்தார்.

வியாபாரி "கூடாரமும் வண்டியும்" என்று ஒதுக்கியது இந்தப் புகைப்படங்களைத்தான். போர் நடந்த இடத்தில், நடந்த நாட்களில் ஒளிபட்டு உருவான பிம்பங்கள் விளக்குக் கூண்டுக்குப் போகின்றன. லண்டன் அறையில் உட்கார்ந்து கற்பனையில் தீட்டிய வாள்வீச்சு உறைபோட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஓவியங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அவற்றின் வண்ண வேலை அற்புதமானது. கடுகளவு முகத்தில் மூன்று சாயங்களைக் கலந்து வைத்த கைகளை, பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்களின் கைகளை, நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவை மட்டுமே மிஞ்சினால், மிஞ்சுவது போரைப் பற்றிய ஆசை மட்டும்தான்.

கொலென்ஸோ காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899 டிசம்பர் 15. பிரிட்டிஷ் ஜெனரல் புல்லர் டூகேலா ஆற்றைக் கடந்து, முற்றுகையில் இருந்த லேடிஸ்மித்தை மீட்கப் பார்க்கிறார். கர்னல் லாங் தன் 12 பீரங்கிகளை ஆற்றுக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். அக்கரையில் மறைந்திருந்த போயர்கள் பீரங்கிப் படையினரைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்கத் தாமாக முன்வந்து குதிரைகளோடு பாய்ந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ராபர்ட்ஸ். இந்தியாவில் நீண்டகாலம் படை நடத்திய ராபர்ட்ஸ் பிரபுவின், அப்போது உயிரோடிருந்த ஒரே மகன். படுகாயமடைந்து இரண்டு நாளில் இறந்தார். விக்டோரியா கிராஸ் பதக்கம் இறந்தபின் வழங்கப்பட்டது. ஸ்லைடின் லேபிளில் "பீரங்கிகளை மீட்டல்" என்றுதான் இருக்கிறது. 12இல் மீட்க முடிந்தது இரண்டு. பத்து போயர்கள் கைக்குப் போயின. அன்றைய கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தத் தோல்வி தெரியும், அதனால்தான் அவர்களுக்கு ராபர்ட்ஸின் குதிரை தேவைப்பட்டது.

24ஆம் எண்

என் நண்பர் ஒருவர் இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர். அங்கே நடந்த போரின் கடைசி மாதங்களில் அங்கேயே இருந்தவர். அதைப் பற்றித் தானாகப் பேச மாட்டார், நானும் கேட்டதில்லை. ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர், மேசையில் லாந்தர் இருப்பதைப் பார்த்துப் போட்டுக் காட்டச் சொன்னார். நான் தயங்கினேன். "பரவாயில்லை அண்ணை, போடுங்கள்" என்றார். பழைய சுண்ணாம்பு விளக்குக்குப் பதில் இப்போது எல்.இ.டி. பல்பு பொருத்தியிருக்கிறேன், சூடு இல்லை, கண்ணாடிக்கு நல்லது. கதவை மூடிவிட்டுக் கொலென்ஸோவைத் திரையில் விட்டேன். சிவப்பும் காக்கியுமாகச் சுவர் நிறைந்தது. விழுந்துகிடக்கும் குதிரை ஒன்று, அதன் கழுத்துக்கு அப்பால் கையூன்றி எழ முயலும் சிப்பாய் ஒருவர். என் கண் எப்போதும் பீரங்கிச் சக்கரத்துக்குத்தான் போகும். அவர் பார்த்தது அந்தச் சிப்பாயை.

"காயப்பட்டவர்களை யார் அண்ணை தூக்கிக்கொண்டு போனார்கள்?"

கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கேட்ட விதத்தில், அது ஒரு போரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பதுபோல இருந்தது. அடுத்த ஸ்லைடைச் செருகப் போன நான் நிறுத்தி, விளக்கவுரைப் புத்தகத்தை எடுத்தேன். திரையில் இருந்தது 23. என்னிடம் அடுத்து இருந்தது 27. கடைசிப் பக்கப் பட்டியலில் 24 என்ற எண்ணுக்கு எதிரே, போருக்குப் பின் ஆம்புலன்ஸ் படையினர் பணியில், என்ற பொருளில் ஒரு தலைப்பு. உள்ளே திருப்பினால் 23க்கு ஒன்றரைப் பக்க வருணனை. 24க்கு இரண்டே வரி. காயமுற்றோர் நல்ல முறையில் கவனிக்கப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டு உரை அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. தூக்கியவர்கள் யார் என்று அந்த இரண்டு வரியிலும் இல்லை. ஆனால் யார் என்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அப்போது வக்கீலாக இருந்த காந்தி, இந்தியர்களைத் திரட்டி ஓர் ஆம்புலன்ஸ் படை அமைத்தார். ஏறக்குறைய 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். நேட்டாலுக்கு முதல் கூலிக்கப்பலான ட்ரூரோ 1860இல் சென்னையிலிருந்துதான் போனது. அதன்பிறகு போனவர்களிலும் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும். கொலென்ஸோவில் இந்தப் படை இருந்தது. லெப்டினன்ட் ராபர்ட்ஸின் உடலைச் சுமந்து சென்ற பெருமை தங்கள் படைக்குக் கிடைத்தது என்று காந்தி எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் ஸ்பியான் கோப் மலைச் சண்டையில் வீழ்ந்த ஜெனரல் வுட்கேட்டையும் அவர்களே தூக்கி வந்தார்கள். குண்டு விழும் எல்லைக்குள் போகத் தேவையில்லை என்பதுதான் அவர்களுடன் செய்துகொண்ட ஏற்பாடு. ஸ்பியான் கோப்பில் நிலைமை மோசமானதும், கட்டாயமில்லை, வந்தால் நன்றியுடையவராக இருப்பேன் என்று புல்லர் சொல்லியனுப்பினார், போனார்கள். காயம்பட்டவர்களை டோலியில் வைத்து ஒரு நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்த நாட்களும் இருந்தன.

இதை நண்பரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விஷயம் முழுசாகப் பிடிபட்டது. 23இல் குதிரைமேல் பாய்கிற அதே மனிதர் 24இன் நேரத்தில் டோலியில் கிடக்கிறார். இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த நிமிடங்கள். தொகுப்பைச் செய்தவர்கள் டோலி தூக்கியவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுக்கு ஓர் எண்ணாவது கொடுத்திருந்தார்கள். ஓர் இரவுக் காட்சியில் அரை நிமிடமாவது அவர்கள் திரையில் நின்றிருப்பார்கள். அதைப் பறித்தது பேரரசு இல்லை, அச்சகமும் இல்லை. நூறாண்டுக்குப் பிறகு வந்த சேகரிப்புச் சந்தையின் ரசனை பறித்திருக்கிறது. வாங்குகிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 23க்கு ஒரு விலையும் 24க்குப் பூஜ்யமும் வைத்துவிட்டோம்.

எதிர்த்தரப்பு

எனக்கு மாறாகப் பேசுகிறவர்களில் நான் மதிக்கும் ஒரு மூத்த சேகரிப்பாளர் இருக்கிறார். அவருடைய வாதம் லேசானதல்ல. தொகுப்பு என்பது புனிதமான ஒன்றாக அன்றைக்கே இருந்ததில்லை என்கிறார் அவர். விரிவுரையாளர்கள் இரண்டு மூன்று தொகுப்புகளிலிருந்து எடுத்துக் கலந்து தங்களுக்கென ஒரு வரிசை செய்துகொண்டார்கள்; உள்ளூர்ப் பையன்கள் படைக்குப் போனால் அவர்கள் புகைப்படத்தை நடுவில் சேர்த்தார்கள்; போயர் போர்க் காலத்திலேயே சலனப்படம் வந்துவிட்டதால், ஸ்லைடுகளுக்கு நடுவே துண்டுப் படங்களையும் ஓட்டினார்கள். அன்று அவர்கள் கலைத்ததை இன்று நாம் கலைத்தால் என்ன என்று கேட்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: பிரித்து விற்காவிட்டால் பல பெட்டிகள் யாரும் வாங்காமல் குப்பைக்கே போயிருக்கும்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. ஐம்பது கண்ணாடிகள் கொண்ட பெட்டி தூக்கக் கனமானது, வைக்க இடம் கேட்பது, எல்லோராலும் முடியாது. முதல் வாதத்தை நான் ஏற்கவில்லை. விரிவுரையாளர் கலைத்தது சொல்வதற்காக. அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது, ஒரு கதை இருந்தது, ஒரு படத்தை எடுத்தால் அந்த இடத்தில் தன் குரலால் எதையாவது வைத்தார். கடைக்காரர் கலைக்கும்போது அந்த இடத்தில் எதுவும் வைக்கப்படுவதில்லை. இடம் இருந்தது என்பதே மறைந்துவிடுகிறது. பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பிரிப்பதற்கு முன் எல்லா லேபிள்களையும் வரிசையாக ஒரு புகைப்படம் எடுத்து, வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்தால் போதும். ஸ்லைடு தொகுப்புகளின் பெயர், எண், விளக்கவுரை எல்லாவற்றையும் திரட்டி இணையத்தில் வைத்திருக்கும் லுசெர்னா போன்ற தரவுத்தளங்கள் இருக்கின்றன. அங்கே போய் எந்தத் தொகுப்பின் எந்த எண் நம் கையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். கால்மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யாமல் விற்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இப்போது செய்வது

அந்த மாலைக்குப் பிறகு சந்தைக்குப் போனால் உறைகளைக் கடைசியில்தான் பார்க்கிறேன். மேசைக்கு அடியில் இருக்கும் டப்பாக்களை முதலில் கேட்கிறேன். தண்ணீர் வண்டி, தந்திக் கம்பம் நடுபவர்கள், ரயில் பெட்டியில் ஏற்றப்படும் கோவேறு கழுதைகள், வெள்ளைத்துணி விரித்த மருத்துவக் கூடாரம். சில்லறை விலைக்குக் கிடைக்கின்றன. அப்படி ஒரு டப்பாவில் டோலி தூக்குபவர்களின் படமும் கிடைத்தது. வேறு தொகுப்பு, வேறு லேபிள். புல்வெளியில் தூரத்தில் ஒரு வரிசை, நான்கு நான்கு பேராக, முன்னால் போகிறவர்களின் முழங்கால் மட்டும் புல்லில் மறைந்திருக்கிறது. லேபிளில் ஆம்புலன்ஸ் படை என்ற ஒரு சொல்லைத் தவிர வேறில்லை. பார்த்த தமிழ் நண்பர்கள் எல்லோரும் இவர்கள் நம்மவர்கள்தான் என்கிறார்கள். நேட்டாலில் வெள்ளையர்களின் தன்னார்வ ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. ஆகவே நான் அதன்மேல் எந்தப் பெயரையும் எழுதவில்லை. என் பெட்டியின் 24ஆம் பள்ளத்திலும் அதைச் செருகவில்லை. அங்கே படமில்லாத வெறும் கண்ணாடி ஒன்றை அளவாக வெட்டி, கறுப்புத் தாள் ஒட்டி, இரண்டு வெள்ளைப் பொட்டுகளும் வைத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் இந்தத் தொகுப்பைக் காட்டியபோது விளக்கவுரையைத் தமிழில் படித்தவர் வன்னி நண்பர்தான். 23 முடிந்ததும் வெறும் கண்ணாடியை விட்டேன். அவர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, காந்தி சொல்லும் ஓடைச் சம்பவத்தைத் தன் சொற்களில் சொன்னார். வெயிலில் எல்லோருக்கும் தாகம், சின்ன ஓடை, சிப்பாய்கள் முதலில் குடிக்கட்டும் என்று டோலிக்காரர்கள் ஒதுங்க, நீங்கள் முதலில் குடியுங்கள் என்று சிப்பாய்கள் ஒதுங்க, கொஞ்ச நேரம் யாரும் குடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் குதிரைப்பாய்ச்சலைவிட இது பிடித்திருந்தது. இயக்குபவனாக நான் கவனித்தது வேறொன்று: அந்தக் கண்ணாடிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் மற்ற எந்த எண்ணைவிடவும் அதிகம்.

அடுத்து லேடிஸ்மித் பகுதியைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அதில் முற்றுகைக் காட்சிகளில் மூன்று எண்கள் இல்லை. போயர் பீரங்கி மலைமேல் தீப்பிழம்பு காட்டும் ஒவ்வொரு முறையும் மரத்தில் உட்கார்ந்து மணியடித்து ஊரை எச்சரித்த ஒப்பந்தக் கூலி பிரபு சிங்கை அந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்கிறார் நண்பர். அப்போது இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு அவருக்குக் காஷ்மீர் அங்கி அனுப்பி வைத்ததையும் சேர்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கண்ணாடி வெட்டுபவரிடம் மூன்றேகால் அங்குலத் தகடுகள் சொல்லி வைத்தாயிற்று. உங்கள் வீட்டிலோ, உங்களுக்குத் தெரிந்த தேவாலய அறையிலோ பள்ளி அலமாரியிலோ ஸ்லைடு பெட்டி ஏதாவது இருந்தால், விற்பதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் லேபிள் எண்களை வரிசையாக எழுதி அனுப்புங்கள். படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.